ஐப்பசி வந்தால் யுத்தம்!

மிலிட்டரிக்காரர் என்றதும் உங்கள் மனசில் யார் வருகிறார்? முறுக்கு மீசை. கழுத்தில் மப்ளர். கல்யாண வீட்டில் நாலு பேர் மாட்டினால் போதும். "லடாக்ல மைனஸ் இருபது டிகிரி... பல் வெளக்கத் தண்ணி கேட்டா ஐஸ் கட்டியத் தூக்கிக் குடுப்பான்" என்று ஆரம்பித்து, பந்தியில் பாயசம் வரும் வரை விட மாட்டார். கான்டீன் கோட்டா ரம் உண்டு என்பதால் அவருக்கு ஊரெல்லாம் மருமகன்கள். மாசம் பொறந்தால், "என்ன மாமா, உடம்பெல்லாம் சௌக்கியமா?" என்று அவர்கள் விசாரிக்கிற அழகே தனி!

இந்த மிலிட்டரிக்காரரை நமக்குத் தெரியும். சினிமாவில் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

கதையே சொல்லாத மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவரைத்தான் நமக்குத் தெரியாது. தினமும் பார்க்கிறோம், ஆனாலும் தெரியாது. பாங்க் வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆபீஸ் கேட்டில் பைக்குகளை வரிசையாக நிறுத்த வைப்பார். வருஷத்தில் பத்து மாசம் தங்கமான மனுஷர். ஐப்பசி பிறந்து வானம் இருட்டினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். சிடுசிடுப்பார். லீவு போடுவார். குடிப்பார். "மிலிட்டரித் திமிர்" என்று எழுதி நாம் ஃபைலை மூடிவிடுவோம்.

அந்த ஃபைலைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம், வாருங்கள்.

பழனிக்குப் போன மாமா

சுவாமிமலையில் எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் மாமா இருக்கிறார். (பெயர் வேண்டாம். நாளைக்கு நான் அந்தத் தெருவில் நடமாட வேண்டும்!) பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, கும்பகோணத்தில் ஒரு பாங்கில் பல வருஷம் கன்மேனாக இருந்தார். இப்போது ஏழு மா நிலம், ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி, பென்ஷன். மோட்டார் பம்ப் மக்கர் பண்ணினால் தெருவே அவரைத்தான் கூப்பிடும்.

அவருக்குத் தெருவில் இருந்த பட்டப்பெயர் கஞ்சன். காரணம், தீபாவளிக்கு ஒரு ஓலைவெடி கூட வாங்க மாட்டார். அது மட்டுமா? தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு மஞ்சள் பையோடு ஆளே காணாமல் போய்விடுவார். "பழனிக்குப் போயிருக்கார்" என்பாள் அத்தை. ஆறுபடை வீட்டில் ஒன்று தெருக்கோடியிலேயே இருக்க, இந்த மனுஷர் எதற்குப் பழனிக்கு ஓடுகிறார் என்று நாங்கள் கிண்டல் அடித்திருக்கிறோம்.

அவர் பழனிக்குப் போகவே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்த லாங் ரூட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவாராம். போய்ச் சேர்ந்ததும் அடுத்த பஸ். ராத்திரி முழுக்க இப்படியே.

"ஏன் மாமா?"

"ஓடுற பஸ்ஸுக்குள்ள யாரும் சரம் வைக்க மாட்டாங்கல்ல, தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசி முடிகிறபோதே அவருக்கு ஆரம்பித்துவிடுமாம். தூக்கம் போகும். திண்ணையில் சுவரில் முதுகைச் சாய்த்து, தெருவைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். அத்தை கை தவறி ஒரு தாம்பாளத்தைப் போட்டுவிட்டால் வீடே அதிரக் கத்துவார். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்த் தனியாக நிற்பார். சம்பா நடவு முடிந்த வயலை எட்டிப் பார்க்க மாட்டார். ஒரு மாசக் கோட்டா நாலு நாளில் காலி. கார்த்திகை கழியக் கழியத் தெளிவார். தை பிறந்தால் பழைய மாமா.

சொந்தக்காரர்கள் 'திமிர்' என்றார்கள். ஜோசியர் 'சனி' என்றார். ஒரு பாட்டி 'காத்து கருப்பு' என்று சொல்லி வேப்பிலை அடித்தாள்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். வருஷா வருஷம் அதே மாசத்தில் அதே தொகை பற்று விழுந்தால் அது தற்செயல் இல்லை. எங்கேயோ ஒரு பழைய பாக்கி இன்னும் நேராகவில்லை என்று அர்த்தம். அந்தப் பாக்கி எந்த வருஷத்தது?

முதல் படி

சுவாமிமலை கோயிலில் அறுபது படிகள். தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயர்கள்தான் அந்தப் படிகளுக்கு. அறுபதில் முதலாவது பிரபவ. அந்தப் பிரபவ கடைசியாக வந்தது 1987 ஏப்ரலில்.

அந்த வருஷம் ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்க என்று இந்தியப் படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 'ஆபரேஷன் பவன்'. அக்டோபர் 11-12 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவில் 30 பேரில் 29 பேர் செத்துப் போனார்கள். அக்டோபர் 21, தீபாவளி. அன்றைக்குத்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நவம்பர் 25-ல் புலிகளோடு நடந்த மோதலில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உயிரைக் கொடுத்தார். பரம்வீர் சக்ரா அவர் இறந்த பிறகு கிடைத்தது.

ஐப்பசி, கார்த்திகை. தேதிகளைக் கவனியுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. காக்கை பறக்கிற கணக்கில் சுவாமிமலையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான். சென்னை இதைவிடத் தூரம்! அங்கே கொட்டுகிற வடகிழக்குப் பருவமழைதான் இங்கேயும் கொட்டுகிறது. அதே மேகம், அதே ஈர மண் வாசனை, அதே தீபாவளி. கார்கிலில் சண்டை போட்டவர் ஊருக்கு வந்தால் பனியாவது கண்ணில் படாது. இவருக்கு யுத்தகளத்து வானம் வருஷா வருஷம் வீட்டுக் கூரைக்கு மேலேயே வந்து நிற்கிறது.

மாமாவைப் படையோடு முன்னால் அனுப்பியதற்குக் காரணம், அவருக்குத் தமிழ் தெரியும் என்பது. வீடு வீடாகச் சோதனை போடும்போது பேசுவதற்கு ஆள் வேண்டுமே!

"மத்தவனுக்கெல்லாம் அது வெறும் சத்தம், தம்பி. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. அழுதா தமிழ்ல அழுதாங்க. திட்டினா தமிழ்ல திட்டினாங்க. ஒரு கெழவி என்னைப் பார்த்து, 'நீ எந்த ஊர் பிள்ளை?'ன்னு கேட்டுச்சு. கும்பகோணம்னு சொல்ல வாய் வரல."

ஆஸ்பத்திரி விஷயத்தை நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: "நான் அன்னிக்கு அந்தப் பக்கமே இல்ல. ஆனா அதே யூனிஃபார்ம்தானே போட்டிருந்தேன்?"

அந்தப் போரில் இந்தியப் படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்துத் தமிழர்கள் பட்ட பாட்டை எண்ணி எடுத்த முடிவு அது. அந்த முடிவு சரியா தப்பா என்பதைப் பேச நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கப்பலிலிருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்கிய சிப்பாய்க்குத்தான் பேச ஆள் இல்லை. ஊருக்கு வந்தால், "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்திருக்கான்" என்றது டீக்கடை. எனவே மாமா லடாக் கதை சொல்லுவார். யாழ்ப்பாணக் கதை சொல்லவே மாட்டார். "கோயில்ல அறுபது படி ஏறிடுவேன் தம்பி, மனசுல முதல் படியே தாண்டல" என்றார்.

உடம்பு கொடுக்கும் திவசம்

இதற்குப் பெயர் உண்டு. முதல் உலகப் போரில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே நின்று, காயமே இல்லாமல் நடுங்கியவர்களைப் பார்த்து, 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் தூக்கமில்லாமல் அலைந்ததைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது ஒரு நோயாகவே ஏறியது. சுருக்கமாக பி.டி.எஸ்.டி. ஈழத்தில் 'மனவடு' என்று அழகாகச் சொல்கிறார்கள். குண்டு விழுந்த பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது இன்னும் அதிகம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அங்கேயே இருந்து, போர் அந்த மக்களின் மனசை என்ன செய்தது என்று ஆராய்ந்து எழுதியவர்.

அறிகுறிகள் நாலு வகை. நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவது. அதை ஞாபகப்படுத்துகிற எதையும் தவிர்த்து ஓடுவது (ராத்திரி பஸ்!). எதிலும் பிடிப்பில்லாமல், குற்ற உணர்ச்சியோடு மனசு மரத்துப் போவது. எந்நேரமும் ஆபத்து வரப்போகிறது என்று உடம்பு விறைப்பாகவே இருப்பது (தாழ்ப்பாள், தாம்பாளம்!). ஒரு மாசத்துக்கு மேல் இவை நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். போருக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. வருகிறவர் கோழையும் இல்லை.

ஏன் குறிப்பிட்ட மாசத்தில்? நம்மவர்களுக்கு இதைப் புரிய வைக்கச் சிரமமே இல்லை. செத்தவருக்குத் திதி பார்த்து வருஷா வருஷம் திவசம் கொடுக்கிறோம் இல்லையா? மறக்க நினைத்ததற்கு உடம்பு தானே திதி பார்த்துத் திவசம் கொடுக்கிறது. காலண்டர் வேண்டாம், மழை வாசனை போதும். 'ஆனிவர்சரி ரியாக்‌ஷன்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

எங்கள் ஊர் ஸ்தபதிகளின் பட்டறையில் பார்த்தாலும் புரியும். முதலில் மெழுகில் சிலை செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அச்சுக்குள் வடிவம் மட்டும் நிற்கும். அப்புறம் ஊற்றுகிற உலோகம் அந்த வடிவத்தைத்தான் எடுக்கும். போர் முடிந்து மெழுகு போய்விட்டது. ஆனால் பட்டாசை ஊற்றினாலும், இடியை ஊற்றினாலும் வருவது அதே உருவம்.

இதோடு இருட்டும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வைப் பற்றி 1984-ல் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் விளக்கமாக எழுதினார்கள். வெளிச்சக் குறைவுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. லண்டனில் டிசம்பர் மாசப் பகல் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் தஞ்சாவூர்ச் சீமையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் அசல் குளிர்காலச் சோர்வு இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் வாரக்கணக்கில் வெயில் காணாமல், வயலில் தண்ணீர் நிற்க, வேலை இல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால்? ஏற்கெனவே பாரமான மனசின் மேல் இன்னொரு மூட்டை.

மாமாவுக்கு வேறொன்றும் இருந்தது. பயத்தால் படுகிற காயம் ஒன்று. மனசாட்சியில் படுகிற காயம் இன்னொன்று. வியட்நாம் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க டாக்டர் இந்த இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னார். "அதே யூனிஃபார்ம்தானே" என்கிறவருக்குத் தூக்க மாத்திரை மட்டும் போதாது. காது கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

தகப்பன்சாமி

அந்த ஆள், சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற அவருடைய மகன். ஒரு ஐப்பசியில் அத்தை போன் செய்தாள். பாங்க் வேலைக்காக வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி அப்போது வீட்டில்தான் இருந்தது. "உங்கப்பா அதைத் துடைச்சுக்கிட்டே இருக்காருடா. தோட்டாவை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வெச்சிருக்கேன். நீ வா."

அவள் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த முதல் வைத்தியம் அதுதான்.

மகன் வந்தான். மறுநாளே துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள் (தேர்தல் சமயத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான், புதுசு இல்லை). அப்புறம் ராத்திரி திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டான். அத்தனை வருஷத்தில் அவரை அப்படிக் கேட்ட முதல் ஆள். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் கிழவியின் கதை வந்தது. பையன் குறுக்கே பேசவில்லை. "எல்லாம் விதிப்பா, மறந்துடு" என்று சொல்லவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்பா, இதுக்கு ஒரு பேர் இருக்கு. வைத்தியமும் இருக்கு" என்றான்.

சுவாமிமலை முருகனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, அப்பா சிஷ்யராகக் கேட்டார். அந்தத் திண்ணையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்!

முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மாமாவிடம் கார்டும் இருந்தது, பி.பி. மாத்திரை வாங்க மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்! திருச்சியில் உள்ள பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மனநல மருத்துவரிடம் போனார்கள். மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய. நடந்ததை டாக்டர் துணையோடு, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சொல்லிச் சொல்லி அதன் கூர்மையை மழுக்குகிற சிகிச்சை அது. வாரம் ஒன்றாகச் சில மாசம்.

பூரணமாகக் குணமாகிவிட்டதா? சினிமா மாதிரி முடிக்க ஆசைதான். இல்லை. இன்னும் ஐப்பசி அவருக்குக் கஷ்டமான மாசம்தான். ஆனால் இப்போது, மழைக்கு முன்னால் வடிகாலை வெட்டி வைக்கிற மிராசுதார் மாதிரி முன்கூட்டியே தயாராகிறார். புரட்டாசியிலேயே டாக்டரைப் பார்த்துவிடுகிறார். மேகமூட்டமாக இருந்தாலும் காலையில் அரை மணி நேரம் காவிரிக் கரையில் நடக்கிறார். மூடிய வானத்தின் வெளிச்சம் கூட வீட்டு டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். கோட்டா ரம்மை நிறுத்திவிட்டார். சாராயம் முன்னிரவில் தூங்க வைத்து, பின்னிரவில் கெட்ட கனவோடு எழுப்பிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். (மருமகன்கள் விசாரிப்பது கணிசமாகக் குறைந்திருக்கிறது!)

முக்கியமாக, இப்போதெல்லாம் தீபாவளிக்கு அவர் பஸ் ஏறுவதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. உங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ, செக்யூரிட்டி அண்ணனோ ஒவ்வொரு வருஷமும் ஒரே பருவத்தில் மாறிப்போனால் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு பொக்கிஷம்.

2. "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்காதீர்கள். விளையாட்டுக்குக் கூட வேண்டாம். "அங்கே எப்படி இருந்தது?" போதும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

3. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

4. வீட்டில் துப்பாக்கி, பூச்சிமருந்து இருந்தால் அந்த மாசங்களில் வெளியே போய்விட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ தனியே விடாதீர்கள்.

5. டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம்.

கடைசியாகப் பட்டாசு. தடை செய்யச் சொல்லவில்லை. சிவகாசியில் உலை வைப்பவர்களும் நம் ஜனங்கள்தான். வெடிச் சத்தத்தைவிட எதிர்பாராத வெடிச் சத்தம்தான் இவர்களைக் கொல்கிறது. 2018-லிருந்து தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் அதை எவ்வளவு மதிக்கிறோம் என்பது ஊரறிந்த விஷயம்! எங்கள் தெருப் பையன்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தன் ஓடிப்போய், "மாமா, ஏழு மணிக்கு வெடிக்கிறோம். எட்டு மணிக்கு முடிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு வருவான். மாமா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, உள்ளறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். எட்டு மணிக்கு அத்தை அந்தப் பையனுக்கு ஒரு தட்டு அதிரசம் கொடுத்தனுப்புவாள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கிற கொள்ளுக்குடிப்பட்டியில் பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. கூடு கட்ட வந்த பறவைகள் மிரண்டுவிடும் என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு.

வெளியூரிலிருந்து வந்த பறவைக்கு ஒரு ஊரே இவ்வளவு செய்கிறது. வீடு திரும்பியும் திரும்பாத மாதிரி இருக்கிற பக்கத்து வீட்டு மனுஷருக்கு நாம் செய்ய வேண்டியது, முன்கூட்டி ஒரு வார்த்தை. அவ்வளவுதானே, சார்?